பக்கவாதமும் உள்ள நலமும்: நோயாளர்க்கும் பேணுவோர்க்கும் ஒரு பாடம்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற்காட்டு ஊர்களில் பக்கவாதத்தைக் "கை கால் விழுந்துவிட்டது" என்றும், "ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது" என்றும் கூறுவர். இவ்வழக்குகள் உடலைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. கை விழுந்தது கண்ணுக்குத் தெரிகிறது. கால் இழுத்ததும் தெரிகிறது. நோயாளியின் உள்ளத்தில் என்ன நேர்ந்தது, அவரைப் பேணும் மனைவிக்கோ மருமகளுக்கோ என்ன நேர்கிறது என்பதைச் சொல்ல ஊர் வழக்கில் சொல் இல்லை. பெயரில்லாத துன்பத்தை எவரும் மருத்துவரிடம் எடுத்துரைப்பதில்லை. அத்துன்பத்திற்குப் பெயர் உண்டு, காரணம் உண்டு, சிகிச்சையும் உண்டு என்பதை எடுத்துக்காட்டுவதே இப்பாடம்.

நாம் மருத்துவர் அல்லோம். கரிசல் வட்டாரத்தில் ஆசிரியப் பயிற்சி மாணவியருக்குக் கல்வி உளவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். இங்கே கூறப்படுவன மருத்துவ உலகம் ஆய்ந்து வெளியிட்டவை. அவற்றை இல்லத்தார்க்கு விளங்கும் வகையில் வரிசைப்படுத்தித் தருவது மட்டுமே நம் பணி.

பாட நோக்கங்கள்

இதனைப் படித்து முடித்த வாசகர்,
1. பக்கவாதத்திற்குப் பின் தோன்றும் மனமாற்றங்கள் எவை என அறிவர்.
2. அவற்றைப் பிடிவாதத்திலிருந்து பிரித்துணர்வர்.
3. வீட்டிலேயே தொடங்கத்தக்க இரு எளிய முறைகளைக் கற்பர்.
4. எப்போது, எங்கே உதவி நாட வேண்டும் என்பதை அறிவர்.

மூளையின் காயமும் வாழ்வின் இழப்பும்

மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ, அதனை நம்பியிருந்த மூளைப்பகுதி பிராணவாயு இன்றி அழிகிறது. அப்பகுதி கையை இயக்கியதாயின் கை செயலிழக்கும். பேச்சை ஆண்டதாயின் பேச்சு நிற்கும். மகிழ்ச்சி, துயரம், ஊக்கம், பொறுமை ஆகியவற்றை ஆளும் நரம்புப் பாதைகளும் அதே மூளையில்தான் அமைந்துள்ளன. அவை பழுதுபடுமாயின் மனநிலை மாறும். அதுவும் கை விழுந்ததைப் போன்ற நோய் விளைவே.

இதனோடு இழப்பும் சேர்கிறது. நேற்று வரை குடும்பத்தைத் தாங்கியவர் இன்று பிறர் கையால் உண்கிறார். பிறர் துணையின்றிக் கழிவறைக்கும் செல்ல இயலவில்லை. மூளையின் காயம் ஒருபுறம், வாழ்வின் இழப்பு மறுபுறம் என இரண்டும் கூடியே நோயாளியின் உள்ளத்தை அழுத்துகின்றன.

இடையே ஒன்றைச் சொல்லிவிட்டு மேற்செல்வோம். வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் உடனே 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசி பெரும்பாலும் முதல் நாலரை மணி நேரத்திற்குள் போடப்பட வேண்டியது. புறாவைக் கொன்று அதன் இரத்தத்தைத் தடவும் வழக்கம் சில ஊர்களில் இன்றும் உண்டு. அதனால் ஓர் உயிர் போவதன்றி, மருத்துவத்திற்குரிய பொன்னான நேரமும் போகிறது.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை மனத்தில் அமைத்துக்கொள்வோம். கரிசற்காட்டில் ஒரு சிற்றூர். குடும்பத் தலைவர் அறுபது வயதினர். தீப்பெட்டி ஆலையொன்றில் கணக்கு எழுதியவர். வலக்கையும் வலக்காலும் விழுந்தன. பேச்சும் பெரும்பாலும் நின்றது. மனைவி வீட்டிலிருந்தே தீப்பெட்டி வேலை செய்தவர். இப்போது அதற்கு நேரமில்லை. மகன் வெளியூரில். மருமகள் இரு பிள்ளைகளோடு இவ்வீட்டில். இது கற்பனைக் குடும்பமே எனினும், வாசகர் பலர்க்கு அறிந்த முகங்கள் நினைவிற்கு வரக்கூடும்.

மூன்று மனமாற்றங்கள்

முதலாவது மனச்சோர்வு நோய். பக்கவாதத்திலிருந்து பிழைத்தவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இது வருகிறது எனப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டுள்ளனர். இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் விருப்பமின்மை, உறக்கமும் பசியும் கெடுதல், "நான் யாருக்கும் பாரம்" என்ற எண்ணம், இயன்முறை மருத்துவர் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் ஆகியன இதன் அடையாளங்கள். "இந்த நிலை வந்தால் யாருக்குத்தான் துக்கம் இராது?" என்று வீட்டார் இதனைக் கடந்துவிடுவர். துக்கம் இயல்பு, அது நோயாக முற்றுவது வேறு. மனச்சோர்வு உற்றவர் பயிற்சி செய்வதில்லை; பயிற்சி இன்றேல் கை கால் தேறுவது தடைப்படும்; தேறாமை கண்டு சோர்வு மேலும் வளரும். இச்சுழலை ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

இரண்டாவது அடக்கவியலாத அழுகை. சிலருக்கு அதுவே அடக்கவியலாத சிரிப்பாகவும் அமையும். பேரக்குழந்தை அருகில் வந்தாலும் அழுகை. தொலைக்காட்சியில் ஒரு பாட்டுக் கேட்டாலும் அழுகை. ஓரிரு நிமிடத்தில் தானே நின்றுவிடும். நோயின் தொடக்க மாதங்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இது தோன்றுகிறது. உணர்ச்சியின் கடிவாளமாகிய நரம்புப் பாதை தளர்ந்தமையே காரணம். உள்ளே அத்துணைத் துயரம் இராமலும் கண்ணீர் பெருகும். நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தில், "மாமா அழுகிறார்" என்று அஞ்சிய மருமகள் பிள்ளைகளை அவர் அறைக்குப் போகவிடாமல் தடுக்கிறாள் எனக் கொள்வோம். அவள் நினைத்தது நன்மை, விளைந்தது தனிமை. செய்யத்தக்கது யாது? "மாமா, இது நோயால் வரும் அழுகை, தானே நின்றுவிடும்" என்று ஒருமுறை அமைதியாகக் கூறி, ஒரு மிடறு நீர் தந்து, பேச்சை மாற்றிவிட வேண்டும். விழுங்குவதில் தடுமாற்றம் உள்ளவராயின் நீருக்கு மாறாக மெல்ல மூச்சிழுத்து விடச் செய்யலாம். பிள்ளைகள் அங்கேயே இருக்கட்டும். இது மிகுதியாயின் மருந்தும் உண்டு.

மூன்றாவது ஊக்கமின்மை. நோயாளி அழுவதுமில்லை, வருந்துவதுமில்லை, சும்மா இருக்கிறார். எழுப்பினால் எழுவார், இல்லையேல் கிடப்பார். இதனை வீட்டார் "சோம்பல்" என்று ஏசுவது வழக்கம். செயலைத் தொடங்கிவைக்கும் மூளைப்பகுதி பழுதுபட்டமையின் விளைவு இது. இவர்க்கு அறிவுரை பயன் தராது. கையைப் பிடித்துத் தொடங்கிவைத்தலே பயன் தரும். தொடங்கியபின் அவரே தொடர்வதைப் பல வேளைகளில் காணலாம்.

பேச்சிழந்தவரின் உள்ளம்

வலப்பக்கம் விழுந்தவர் பலர்க்குப் பேச்சும் குறைபடும். பெரும்பாலோர்க்கு மொழியை ஆளும் பகுதி மூளையின் இடப்பக்கம் இருப்பதே காரணம். இவர்களின் துன்பத்தை அறிவது மிகக் கடினம். கேட்டால் சொல்ல இயலாது. சொல்லாததால் இல்லை என்று கொள்ளப்படும்.

இங்கு ஒரு தவறான முடிவைக் குறிப்பாகச் சுட்ட விரும்புகிறோம். தண்ணீர் வேண்டும் என்று கேட்க இயலாத ஒருவர் பஞ்ச நமஸ்கார மந்திரத்தைத் தடையின்றிச் சொல்லக்கூடும். ஒன்று, இரண்டு என எண்ணிச் செல்லவும், இளமையில் பாடிய பாட்டைப் பாடவும் கூடும். அதனைக் கண்ட வீட்டார், "மந்திரம் சொல்ல வருகிறது, நான் கேட்டதற்குப் பதில் சொல்ல வரவில்லையா?" என்று சினம் கொள்வர். பல்லாயிரம் முறை ஓதிப் பழகிய சொற்றொடர்கள் மூளையில் வேறு வழியே வருகின்றன. புதிதாக ஒரு வாக்கியம் அமைப்பது வேறு வேலை. முன்னது நிலைத்திருக்கப் பின்னது அழிந்திருப்பது இந்நோயில் காணத்தக்கதே. ஆகவே அது பிடிவாதமன்று. அவர்க்கு எஞ்சிய அச்செல்வத்தை நாள்தோறும் உடனிருந்து ஓதச் செய்தல், "என் குரல் இன்னும் இருக்கிறது" என்ற நம்பிக்கையை அளிக்கும்.

பேச்சிழந்தவரிடம் உரையாட, ஆசிரியர் அறிந்த முறைகளே போதும். ஒரு வேளையில் ஒரு வினா. நீண்ட வினா வேண்டாம், "அப்பா, கஞ்சியா, இட்லியா?" என்று இரண்டையும் காட்டிக் கேட்கலாம். மனநிலை அறிய, சிரித்த முகம், வாடிய முகம், அழும் முகம் என மூன்றை ஓர் அட்டையில் வரைந்து சுட்டச் சொல்லலாம். விடைக்காக ஒன்று முதல் பத்து வரை மனத்துள் எண்ணிக் காத்திருத்தல் வேண்டும். அவர் முன்னிலையிலேயே, "இவருக்கு ஒன்றும் புரியாது" என்று விருந்தினரிடம் கூறுதல் ஆகாது. பலர்க்குப் பெரும்பகுதி புரிகிறது.

சிகிச்சை என்பது யாது?

மனச்சோர்வு நோய்க்கு மருந்து உண்டு. அதனை மருத்துவர் தேர்ந்து தருவார். எல்லா நோயாளிகளுக்கும் முன்கூட்டியே மருந்து தரலாமா என்று பிரிட்டனில் 3,127 பேரிடம் ஆய்ந்து 2018ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். மனச்சோர்வு ஓரளவு குறைந்தது. ஆனால் கை கால் தேறுவதில் முன்னேற்றமில்லை. எலும்பு முறிவு கூடியது. ஆகவே மருந்து தேவையுள்ளவர்க்கே உரியது.

மருந்தோடு சேர்ந்தோ தனித்தோ அமைவது உளவியல் சிகிச்சை. இதனை வெறும் ஆறுதல் மொழி என்று கருதுதல் கூடாது. "எல்லாம் சரியாகிவிடும்" என்பது ஆறுதல். சிகிச்சைக்கோ நோக்கமும் படிகளும் மதிப்பீடும் உண்டு. நன்கு திட்டமிட்ட பாடத்திற்கு உள்ளவை போன்றே.

பிரிட்டனில் 411 நோயாளிகளிடம் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2007ஆம் ஆண்டு வெளிவந்தது. நோயின் தொடக்க வாரங்களில், வாரம் ஒருமுறையாக நான்கு அமர்வுகள் வரை ஊக்க உரையாடல் நடத்தினர். உரையாடியவர் அறிவுரை கூறவில்லை. "இனி உங்களுக்கு எது முக்கியம்? எது தடையாக நிற்கிறது? அதற்கு நீங்கள் என்ன எண்ணுகிறீர்கள்?" என்ற போக்கில் வினவி, நோயாளியின் வாயிலாகவே வழியை வெளிக்கொணர்ந்தனர். மூன்று மாதம் கழித்து, உரையாடல் பெறாதவரைவிடப் பெற்றவருள் கூடுதலானோர் மனநிலை சீராக இருந்தனர். அந்நாட்டிலேயே பேச்சிழந்து மனம் தளர்ந்த 105 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வு 2013இல் வெளியாயிற்று. படங்களையும் சைகைகளையும் கொண்டு, மகிழ்ச்சி தரும் செயல்களைத் தேர்ந்து படிப்படியாகச் செய்வித்தனர். பேச இயலாதவர்க்கும் இச்சிகிச்சை பயன் தந்தது.

நம் நாட்டில் கண்டது

"இங்கிலாந்தில் உளவியலார் உண்டு, கோவில்பட்டிக்கு அப்பால் மானாவாரி நிலத்தில் வாழ்வோர்க்கு யார் உண்டு?" என்று வாசகர் வினவுவது நியாயமே. இதற்கு நம் நாட்டு ஆய்வுகளே விடை தருகின்றன.

கோவாவில் சங்காத் என்னும் அமைப்பினர் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடும் மனச்சோர்வு உற்ற 495 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினர். சிகிச்சை தந்தவர் மருத்துவரோ உளவியல் பட்டதாரியோ அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர். ஆறு முதல் எட்டு அமர்வுகள். மூன்று மாதத்தில், அச்சிகிச்சை பெற்றவருள் 100க்கு 64 பேர் நோய் நீங்கினர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவருள் 100க்கு 39 பேர். இவர்கள் பக்கவாத நோயாளர் அல்லர் என்பதை மறைக்காமல் கூறுகிறோம். ஆயினும், சாதாரண மனிதர் கற்றுச் செய்யத்தக்க கலை இது என்பதனை இம்முடிவு நிறுவுகிறது.

நம்மூரைப் போன்றே கரிசல் மண்ணும் பருத்தியும் வானம் பார்த்த வேளாண்மையும் உடைய நிலம் மகாராட்டிரத்தின் விதர்ப்பப் பகுதி. அங்கே அமராவதி மாவட்டத்தின் 30 கிராமங்களில், உள்ளூரார்க்கே பயிற்சி தந்து வீடுதோறும் மனநலம் பற்றிப் பேசச் செய்தனர். தொடக்கத்தில் மனச்சோர்வு உற்றவருள் 100க்கு 4 பேரே உதவி நாடினர்; பின்னர் 100க்கு 27 பேர் நாடினர். 2017இல் வெளியான இக்கணக்கு, பெயர் சூட்டப்பட்ட துன்பத்திற்கு உதவி தேடப்படும் என்பதைக் காட்டுகிறது.

கோவில்பட்டிக்கு அணித்தான கழுகுமலைக்கு நம்மவர் சென்று வணங்குவதுண்டு. அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் குரத்தியர் என்னும் பெண் ஆசிரியர்களும் குறிக்கப்படுகின்றனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெண்கள் ஆசிரியராய் விளங்கிய நிலம் இது. இன்று ஓய்வு பெற்ற ஆசிரியையர் எத்துணையோ பேர் இவ்வட்டாரத்தில் உள்ளனர். அவர்கள் முறையான பயிற்சி பெற்று, வாரம் இரு இல்லங்களுக்குச் சென்று செவிசாய்ப்பாராயின் அது பெரும் பணியாகும்.

எனினும் ஓர் எச்சரிக்கை. பக்கவாதப் பயிற்சி முழுவதையும் குடும்பத்தாரிடமே ஒப்படைக்கலாமா என்பதை லூதியானாவைச் சேர்ந்த மருத்துவர் ஜெயராஜ் பாண்டியன் முதலியோர் இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு ஆய்ந்தனர். முடிவு 2017இல் வெளிவந்தது. குடும்பத்தார்க்குப் பயிற்சி தந்ததால் ஆறு மாத முடிவில் சாவோ பிறரைச் சார்ந்திருக்கும் நிலையோ குறையவில்லை. அன்பு குறைந்ததால் அவ்வாறாகவில்லை. ஏற்கனவே சமையலும் கூலி வேலையும் பிள்ளை வளர்ப்பும் சுமப்பவர் தோளில் மற்றொரு சுமையை ஏற்றுவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதே நாம் இதிலிருந்து கொள்ளும் பாடம். ஆகவே பின்வரும் முறைகளைத் துணையாகக் கொள்க. மருத்துவர்க்கு மாற்றாகக் கொள்ளற்க.

வீட்டில் தொடங்கத்தக்க முதல் முறை: செயல்வழி ஊக்கம்

மனம் தெளிந்தபின் செயல்படலாம் என்று காத்திருப்பவர்க்கு மனம் தெளிவதில்லை. சிறு செயல் முன்னே சென்றால் மனம் பின்னே வரும். இதுவே இம்முறையின் அடிப்படை. படிகள் வருமாறு:

1. நோய்க்கு முன் அவர்க்கு விருப்பமும் மதிப்பும் தந்த செயல்களைப் பட்டியலிடுக. நம் எடுத்துக்காட்டில்: கணக்கு எழுதுதல், நாளிதழ் வாசித்தல், மாலையில் திண்ணையில் அமர்ந்து பேசுதல், நிலக்கடலை விதை பொறுக்குதல்.

2. அவற்றுள் ஒன்றைத் தேர்க. தேர்வு நோயாளியுடையதாக இருக்கட்டும்.

3. அதனை அவர் இன்று செய்யத்தக்க அளவிற்குச் சிறிதாக்குக. வலக்கையால் எழுத இயலாதவர், இடக்கையால் அன்றைய பால் கணக்கை ஓரிரு எண்களில் குறிக்கலாம். முறத்தில் ஒரு பிடி கடலையை வைத்துச் சொத்தையை இடக்கையால் ஒதுக்கலாம். அந்தப் பால் கணக்கும் அந்த விதையும் வீட்டிற்கு உண்மையாகவே பயன்பட வேண்டும். பொழுது போக்கத் தந்த வேலை என்று அறிந்தால் மானமுள்ளவர் அதனைத் தொடமாட்டார்.

4. நாளும் வேளையும் குறிக்க. காலை வெயில் ஏறுமுன் உடலும் மனமும் தெளிந்திருக்கும்.

5. செய்தபின் நாட்காட்டியில் அவரே ஒரு குறி இடட்டும். மனநிலை முன்னும் பின்னும் எவ்வாறு இருந்தது என முக அட்டையில் சுட்டட்டும்.

6. வாரம் ஒருமுறை சேர்ந்து அமர்ந்து பார்த்து, எளிதாயின் சிறிது கூட்டுக; கடினமாயின் குறைக்க. குறைத்தலும் திட்டத்தில் ஒரு பகுதியே.

பாராட்டு பொதுப்படையாக அமைதல் வேண்டா. "பலே!" என்பதைவிட, "நேற்று நாலு எண், இன்று ஆறு எண் எழுதியிருக்கிறீர்கள், அப்பா" என்பது உண்மையைக் காட்டும். முதியவரைக் குழந்தையிடம் பேசுவது போல் கொஞ்சிப் பேசுதல் அவர் மனத்தைப் புண்படுத்தும்.

இரண்டாம் முறை: சிக்கல் தீர்த்தல், பேணுவோர்க்காக

பக்கவாத நோயாளரைப் பேணுவோருள் ஐவரில் இருவர்க்கு மனச்சோர்வின் அறிகுறிகள் உள்ளதாக ஆய்வுத் தொகுப்புகள் கூறுகின்றன. ஆனால் மருத்துவமனைச் சீட்டில் எழுதப்படுவது நோயாளியின் பெயர் ஒன்றே. உறங்காத இரவுகள், இழந்த கூலி, தூக்கிப் புரட்டியதால் வந்த முதுகுவலி, கோபம், கோபித்ததற்காகக் குற்றவுணர்ச்சி ஆகியன பேணுபவரின் நோய்கள். "இவர் போய்விட்டால் நன்றாயிருக்குமே" என்று ஒரு நொடி தோன்றி, அதற்காக ஓராண்டு தம்மையே வெறுக்கும் மனைவியரும் உண்டு. அந்நினைப்பு சோர்வின் குரல். அவர்தம் அன்பின் அளவு அன்று.

சிக்கல் தீர்க்கும் முறையில் "என் வாழ்வே பாழ்" என்ற பெருந்துன்பத்தை, எழுதத்தக்க சிறு சிக்கல்களாகப் பிரிப்பர். ஓர் எடுத்துக்காட்டு:

சிக்கல்: இரவில் மூன்று முறை எழுந்து துணி மாற்ற வேண்டியுள்ளது, உறக்கமில்லை.

இயன்ற வழிகள் அனைத்தும், சிறியது பெரியது பாராமல் எழுதப்படும்: உறங்குமுன் சிறுநீர் கழிக்கச் செய்தல்; படுக்கையருகே சிறுநீர்க் குவளை வைத்தல்; வாரம் இரு இரவு நாத்தனாரை வரச் சொல்லுதல்; சிறுநீர்த் தொற்று உண்டா என மருத்துவரைக் கேட்டல்; பகலில் ஒரு மணி நேரம் மருமகளிடம் ஒப்படைத்து உறங்குதல்.

தேர்வு: இவற்றுள் இரண்டு. காலம்: ஒரு வாரம். பின்னர் மதிப்பீடு: எத்தனை இரவு தொடர்ந்து நான்கு மணி நேரம் உறங்க முடிந்தது?

வெளியூரில் உள்ள மகனுக்கும் இதில் பங்கு உண்டு. பணம் அனுப்புவதோடு கடமை முடிவதில்லை. ஞாயிறுதோறும் தொலைபேசியில் தந்தையோடு பேச முயல்வதும், பின்னர்த் தாயிடம் தனியே, "அம்மா, இந்த வாரம் உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டு விடைக்குக் காத்திருப்பதும் செய்யத்தக்கன. அவ்வினாவை ஓராண்டாக எவரும் தம்மிடம் கேட்டதில்லை எனக் கூறும் தாய்மார் பலர்.

நம் இல்லங்களில் தனியே கருத வேண்டியவை

ஒன்று: நோயுற்றவரிடம், "முன்வினைப் பயன், அனுபவித்தே தீர வேண்டும்" என்று கூறும் உறவினர் உளர். வினைக் கொள்கை தன் வாழ்வைத் திருத்திக்கொள்ள ஒவ்வொருவர்க்கும் அளிக்கப்பட்ட விளக்கு. அதனைப் படுக்கையில் கிடப்பவர்மீது குற்றச்சாட்டாக வீசினால் சொல்லால் செய்த இம்சையாகும். பிணியாளர்க்குச் செய்யும் பணியாகிய வையாவிருத்தியத்தை அகத்தவத்துள் ஒன்றாக நம் ஆசாரியர்கள் வைத்தனர்; பழியுரைத்தலை எத்தவத்திலும் வைக்கவில்லை.

இரண்டு: இரவில் உண்ணா விரதம் காப்பவர் மருந்தையும் விட்டுவிடுதல் தீங்கு. மருந்து வேளைகளைப் பகலில் அமைத்துத் தர இயலுமா என்று மருத்துவரையே கேட்கலாம். இயலாதபோது, "விரதம் கெட்டது" என்ற ஏக்கம் நோயாளியின் சோர்வைக் கூட்டாதபடி, சமூகப் பெரியவர் ஒருவர் நேரில் வந்து தெளிவுரை கூறுவது நல்லது.

மூன்று: இதுவே மிக இன்றியமையாதது. பக்கவாதம் உற்றவர் உணவை மறுத்து, "எனக்குப் போதும், போகவிடுங்கள்" என்று குறிப்பாரானால், சல்லேகனை விரதத்தை அவர் விழைவதாகச் சில வீட்டார் எண்ணக்கூடும். உமாசுவாமி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் சல்லேகனைக்குரிய அதிசாரங்கள் ஐந்து கூறப்படுகின்றன. வாழ்வின்மேல் ஆசை ஒன்று. மரணத்தின்மேல் ஆசை மற்றொன்று. துன்பம் தாளாது சாவை விரும்புதல் அவ்விரதத்திற்கே குற்றமாகும். மனச்சோர்வால் உணவை மறுப்பவரிடம் எழுவது நோயின் குரல். அந்நோய்க்குச் சிகிச்சை உண்டு; சிகிச்சைக்குப்பின் உணவும் பேச்சும் விருப்பமும் திரும்புவதுண்டு. விழுங்க இயலாமையாலோ, புரையேறும் என்ற அச்சத்தாலோ உணவை மறுப்பவரும் உளர். ஆதலின் உணவு மறுக்கப்பட்ட அன்றே மருத்துவரை நாடுதல் இல்லறத்தார் கடமை. இங்கே தவறாகப் புரிந்துகொண்டால், காக்கத்தக்க ஓர் உயிரை நாம் இழந்துவிடுவோம்.

எங்கே உதவி கிடைக்கும்?

தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் உண்டு. கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் பக்கவாத மறுபரிசோதனைக்குச் செல்லும்போது, "மனம் எவ்வாறு உள்ளது?" என்பதையும் மருத்துவரிடம் நாமே எடுத்துரைத்து, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரைக் காணும் நாளைக் கேட்டறியலாம்.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின்கீழ் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மருந்துகளும், இயன்முறைப் பயிற்சியும், நோயாதரவுப் பணியும் வீட்டிற்கே வருகின்றன. வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் நோயாளியின் மனநிலையையும் பேணுபவரின் மனநிலையையும் சேர்த்தே கூறுக. அவர் வழியாக ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செய்தி செல்லும்.

2022ஆம் ஆண்டு முதல் 14416 என்ற எண்ணில் தொலைபேசி வழி மனநல ஆலோசனை இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் கிடைக்கிறது. வீட்டைவிட்டு நகர இயலாத பேணுநர்க்கு இது மிகவும் ஏற்றது.

நோயாளியோ பேணுபவரோ சாவைப் பற்றிப் பேசினால் அதனைப் புறக்கணிக்கவோ கடிந்துகொள்ளவோ வேண்டாம். "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேரே கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை; சொல்லக் கிடைத்த வாய்ப்பால் பாரம் குறையும். அவரைத் தனியே விடாமல் உடனிருந்து, வயலுக்கென வீட்டில் வைத்துள்ள பூச்சிமருந்தையும் மிகுதியான மாத்திரைகளையும் அகற்றி, உடனே மருத்துவ உதவி நாடுக.

நினைவிற் கொள்க

1. பக்கவாதத்திற்குப் பின் வரும் மனச்சோர்வு நோயின் பகுதி, குணக்கேடு அன்று.
2. அழுகை எல்லாம் துயரமன்று; சும்மா இருத்தல் எல்லாம் சோம்பலன்று.
3. சிறு செயல் முன்னே, மனம் பின்னே.
4. பேணுபவரும் நலம் கேட்கப்பட வேண்டியவர்.
5. உணவு மறுத்தலும் சாவுப் பேச்சும் அன்றே மருத்துவரிடம் கூறத்தக்கவை.

பயிற்சி

அ. உங்கள் உறவில் பக்கவாதம் உற்ற ஒருவரை எண்ணுக. அவர் நோய்க்கு முன் விரும்பிச் செய்த மூன்று செயல்களை எழுதுக. அவற்றுள் ஒன்றை இன்று அவர் ஐந்து நிமிடம் செய்யும் அளவிற்குச் சுருக்கிக் காட்டுக.

ஆ. அவரைப் பேணுபவர் யார்? கடைசியாக அவர் முழு இரவு உறங்கிய நாள் எது என்று கேட்டறிக.

இ. உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், பேணுபவர் ஒருவர்க்கு வாரம் அரை நாள் ஓய்வு தரும் பொருட்டு, முறைவைத்து உடனிருக்க முன்வருவோர் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க.

மூன்றாம் பயிற்சியை எழுத்தோடு நிறுத்தாமல் செயலாக்கும் ஊரார், தம் அனுபவத்தை இவ்விதழுக்கு எழுதி அனுப்பின் பிற ஊரார்க்கும் வழிகாட்டியாகும்.

அறம் வளர்க.